சேலத்திலிருந்து ஓவியம் பார்க்கப் போகிறவர்கள், வாங்குகிறவர்கள் எல்லாம் இங்கே வாங்க

ஜவ்வரிசி_சேலம்

நம் மன்றத்தில் மாம்பழம் பற்றிய இழையில் ஒருவர் போகிற போக்கில் கேட்டிருந்தார்: "நம்ம ஊரில் கொலுசு இருக்கிறது, தட்டுவடை செட் இருக்கிறது, இரும்பாலை இருக்கிறது. சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு ஓவியக் கேலரி ஏன் இல்லை?" ஏன் இல்லை என்பதற்கு என்னிடம் பதில் கிடையாது. கேலரி இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு எப்படிப் படம் சேர்ப்பது என்பதற்கு வேண்டுமானால் கொஞ்சம் சொல்லலாம்.

எனக்குத் தொழில் ஜவ்வரிசி. சேலத்து ஜவ்வரிசியை அதிகம் சாப்பிடுவது நாம் இல்லை, மகாராஷ்டிரக்காரர்களும் வங்காளிகளும்தான். அதனால் வசூலுக்கு மும்பையும் கொல்கத்தாவும் போயாக வேண்டும். வசூல் என்றாலே காத்திருப்பது. "சேட் நாலு மணிக்கு வருவார்" என்று சொல்லிவிட்டால் நாலு மணி வரை எங்கே போவது? அப்படித்தான் ஜஹாங்கீர் ஆர்ட் கேலரிக்குள் நுழைந்தேன். வெயிலுக்கு ஒதுங்க இடம், டிக்கெட்டும் கிடையாது. 1952-ல் திறந்த இடம் அது. அங்கே கண்காட்சி நடத்த ஓவியர்கள் வருடக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். கிடைப்பது ஏறக்குறைய ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் ஓவியர் தன் படங்களுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கேட்க ஆள் வந்தால் போதும், பேசுவார். படம் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த நாற்காலிக்காரர்கள்தான். வெளியே நடைபாதையிலும் படம் மாட்டி விற்கிறார்கள். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் என்று நினைத்துக் கடந்துபோக வேண்டாம்.

மும்பைக்கு எல்லோரும் போக முடியாது, சரி. ஆனால் சேலத்துக்காரனுக்கு இருக்கிற வசதி பலருக்குக் கிடையாது. பெங்களூர் சுமார் 200 கிலோமீட்டர், காலையில் போய் இரவு வீடு திரும்பலாம். சென்னை ஒரு ராத்திரி ரயில். கொச்சியும் ஒரு ராத்திரி ரயில். மூன்று ஊரிலும் மூன்று விதமான படங்கள்.

பெங்களூரில் முதலில் போக வேண்டியது அரண்மனைச் சாலையில் இருக்கும் தேசிய நவீனக் கலைக்கூடம். மாணிக்கவேலு முதலியாரின் பழைய மாளிகை அது, 2009-ல் கலைக்கூடமாகத் திறந்தார்கள். பெரிய மரங்கள், நல்ல நிழல், கூட்டம் இல்லை. கஸ்தூர்பா சாலையில் 2023-ல் திறந்த மேப் (MAP, கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம்) அதற்கு நேர் எதிர்: புதுக் கட்டடம், புகைப்படம், துணி, சினிமா போஸ்டர் எல்லாம் கலந்து வைத்திருக்கிறார்கள். அதைத் தொடங்கியவரும் அடிப்படையில் ஒரு சேகரிப்பாளர்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

சென்னையில் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம், ஓவியர்கள் சேர்ந்து அமைத்த கிராமம். நான் அதிக நேரம் நின்ற இடம் அங்கே கே.சி.எஸ். பணிக்கரின் படங்களுக்கு முன்னால். 1963 வாக்கில் அவர் தொடங்கிய வரிசை. தூரத்திலிருந்து பார்த்தால் ஜாதகம். கட்டம் போட்டிருக்கிறது, கட்டத்துக்குள் எழுத்து இருக்கிறது, ஓலைச்சுவடி மாதிரி வரி வரியாக ஓடுகிறது, நடுவே ஒரு மீன், ஒரு பாம்பு. கிட்டே போய்ப் படிக்கலாம் என்று குனிந்தால் ஒரு எழுத்துகூட எந்த மொழியும் இல்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தார்; பாவம், அப்படியும் படிக்க முடியவில்லை. ஜாதகக் கட்டத்தைப் பார்த்தாலே "என்ன சொல்லியிருக்கிறது" என்று தேடும் நம் கண்ணை அவர் நன்றாகவே தெரிந்து வைத்திருந்தார்.

கொச்சியைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்.

சும்மா_கேட்கிறேன்

நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனால் ஒரு கேள்வி. 2025 மார்ச்சில் ஓவியர் எம்.எஃப். ஹுசேன் படம் ஒன்று நியூயார்க் ஏலத்தில் 118 கோடிக்குப் போனது என்று பேப்பரில் வந்தது. ஒரு படத்துக்கு 118 கோடி! இது கலையா, கருப்பை வெள்ளையாக்கும் வழியா? நம்மைப் போல் மாதச் சம்பளக்காரனுக்கு இதில் என்ன வேலை?

ஜவ்வரிசி_சேலம்

ஹுசேன் கணக்கை விடுங்க. ஜனவரியில் ஒரு ஞாயிறு பெங்களூர் குமாரகிருபா சாலைக்கு வாங்க. கர்நாடக சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்திரச் சந்தை. அன்றைக்கு அந்தச் சாலையில் வண்டி ஓடாது. இரண்டு பக்கமும் படம்தான். இந்தியா முழுவதிலிருந்தும் ஓவியர்கள் வந்து தரையில் துணி விரித்து உட்காருகிறார்கள். சில நூறு ரூபாய்க்கும் இருக்கும், லட்சத்துக்கும் இருக்கும். என் வீட்டுக் கூடத்தில் இருக்கும் ஒரு மரச்செதுக்கு அச்சுப் படம் அங்கே வாங்கியதுதான். விலை ஒரு நல்ல செருப்பு விலை.

கொலுசுப்பட்டறை

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். மூன்று தலைமுறையாக வெள்ளி வேலை. ஜவ்வரிசி அண்ணாவுக்கு ஒரு சந்தேகம்.

ஒரு கொலுசு எத்தனை கை மாறி முடிகிறது தெரியுமா? கம்பி இழுப்பவர் ஒரு வீடு. கண்ணி கோப்பவர் ஒரு வீடு. பெரும்பாலும் பெண்கள், அடுப்பு வேலைக்கு நடுவே. பற்றவைப்பவர் ஒருவர். மெருகு போடுபவர் ஒருவர். மீனா (வண்ண எனாமல்) வைப்பவர் வேறு. கண்ணி ஒன்றுக்கு ஒன்று மயிரிழை பிசகினாலும் கொலுசு காலில் திரும்பிக்கொள்ளும். இதில் எவர் பெயரும் கிடையாது. கிராம் கணக்கில் கூலி. அதே வெள்ளியை, செம்பை ஒருவர் சிற்பமாகப் பற்றவைத்துக் கேலரியில் வைத்தால் லட்சம். கீழே பெயர்ப்பலகை. என்ன வித்தியாசம்?

சண்டைக்கு இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ஓவிய_வாத்தியார்

கொலுசுப்பட்டறை அண்ணா கேட்டது நல்ல கேள்வி. கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்துவிட்டு இப்போது ஆத்தூர் பக்கம் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சோழமண்டலம் எப்படி வந்தது தெரியுமா? 1966-ல் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து அமைத்த கிராமம். நிலம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? படம் விற்று இல்லை. அப்போது அவர்கள் படத்தை வாங்க ஆள் கிடையாது. பகலில் பாத்திக் துணி, தோல் வேலை, மண்பாண்டம் என்று கைவினைப் பொருள் செய்து விற்றார்கள். அந்தக் காசில் நிலம் வாங்கி, குடிசை போட்டு, மிச்ச நேரத்தில் படம் வரைந்தார்கள். அதாவது நீங்கள் வித்தியாசம் கேட்கிற இரண்டு வேலையையும் ஒரே கை செய்திருக்கிறது. ஓவியர் ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர். வீர சந்தானமும் அப்படித்தான். நம் சேலத்திலும் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அம்மாப்பேட்டைத் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதாக இருக்காது.

உங்களுக்கென்றே இரண்டு பெயர் சொல்கிறேன். பி.வி. ஜானகிராம்: செம்புத் தகட்டை அடித்து, அதன் மேல் கம்பியை ஓட்டிச் சிற்பம் செய்தவர். எஸ். நந்தகோபால்: பணிக்கரின் மகன், 2017-ல் காலமானார். செம்பும் பித்தளையும் பற்றவைத்து, சில இடங்களில் மீனா வைத்துச் செய்வார். இரண்டு பேருடைய சிற்பமும் முன்பக்கம் பார்த்தது. கோயில் கருவறையில் நிற்கிற மூர்த்தி மாதிரி, சுற்றிவந்து பார்ப்பதற்காகச் செய்தவை இல்லை. நீங்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். எங்களை விட உங்கள் கண்ணுக்குத்தான் அதில் நிறையத் தெரியும்.

விலை நியாயமா என்று கேட்டால், நியாயம் இல்லைதான். அதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

மலைக்காப்பி

ஏற்காட்டிலிருந்து வணக்கம். எல்லோரும் வாங்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள். வாங்கிய பிறகு வைத்துக் காப்பாற்றுவதைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

எங்கள் வீடு 1,400 மீட்டருக்கு மேலே. ஐப்பசி, கார்த்திகையில் ஜன்னலைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள் வந்து உட்காரும். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது அழகு. எனக்கு, கூடத்தில் மாட்டியிருக்கும் காகிதப் படத்தின் ஓரத்தில் காப்பிக் கறை மாதிரிப் புள்ளி புள்ளியாக எழும்புகிற பூஞ்சணம். கூடவே ராமபாணப் பூச்சி. பசை எங்கே இருக்கிறதோ அங்கே மேயும்.

சேலத்தில் ஃபிரேம் போடுகிற கடைகள் பெரும்பாலும் சாமி படத்துக்குப் பழகியவை. சாமி படத்துக்கு அது போதும். அச்சுப் படம், மங்கினால் வேறு வாங்கலாம். ஆனால் கையால் வரைந்த வாட்டர்கலரைப் பின்னால் வைக்கோல் அட்டை கொடுத்து, கண்ணாடியோடு ஒட்ட அழுத்தி, ஃபெவிகால் தடவி அடைத்தால் நாளாக ஆக அந்த அட்டையின் அமிலம் காகிதத்தைப் பழுப்பாக்கிவிடும். கடைக்காரரிடம் இதையெல்லாம் சொல்லி வாங்க வேண்டும்: பின்னாலும், முன்னால் படத்தைச் சுற்றி ஓரத்திலும் அமிலமில்லாத அட்டை. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளி. இல்லாவிட்டால் உள்ளே வேர்க்கும் நீர் நேராகப் படத்தில் இறங்கும். படத்தை மேலே இரண்டு இடத்தில் மட்டும் மாவுப் பசை வைத்த மெல்லிய காகிதக் கீல் கொண்டு தொங்கவிடச் சொல்லுங்கள். நான்கு பக்கமும் ஒட்டக் கூடாது. ஈரக் காற்றில் காகிதம் விரியும், வெயில் நாளில் சுருங்கும், அதற்கு இடம் வேண்டும்.

மாட்டும்போது மழை அடிக்கிற வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், உள்சுவர்தான். ஃபிரேமின் கீழ் மூலைகளில் பின்புறம் சின்னக் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். காப்பிக்கொட்டையை 10, 11 சதவீத ஈரத்துக்குக் காயவைத்த பிறகுதானே மூட்டை கட்டுகிறோம்? படத்தை மட்டும் எப்படி அப்படியே கட்டிப்போட முடியும்! அறையில் ஒரு ஈரமானி வாங்கி வைத்திருக்கிறேன். காற்றின் ஈரம் 45 முதல் 55 வரை இருந்தால் நல்லது என்பார்கள். மலையில் அது நடக்காது. 65 தாண்டினால் ஈரம் உறிஞ்சும் மிஷினைப் போடுகிறேன், கரண்ட் பில்லைப் பார்த்து வீட்டுக்காரர் கத்துகிறார், அவ்வளவுதான்.

கேன்வாஸில் வரைந்த அக்ரிலிக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மலையில் இருப்பவர்கள் காகித வேலை வாங்கும் முன் இரண்டு தடவை யோசியுங்கள்.

ஜவ்வரிசி_சேலம்

அக்கா, இதைப் படித்துவிட்டு எழுந்துபோய் என் ஃபிரேம்களின் பின்பக்கத்தைப் பார்த்தேன். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

ஓமலூர்_டு_பெங்களூர்

ஐ.டி. வேலை, பெங்களூர் வாசம், சொந்த ஊர் ஓமலூர். நான் வாங்குவது அச்சுப் படங்கள்தான், அதாவது எட்சிங், லித்தோ, மரச்செதுக்கு: தகட்டிலோ கல்லிலோ மரத்திலோ ஓவியர் உருவாக்கி, மை தடவிப் பிரதி எடுப்பவை. பெரிய ஓவியரின் கேன்வாஸ் என் கைக்கு எட்டாது. அதே ஓவியரின் எட்சிங் எட்டும். அடியில் பென்சிலில் 7/25 என்று எழுதியிருந்தால் மொத்தம் 25 பிரதி எடுத்ததில் இது ஏழாவது. பக்கத்தில் கையெழுத்து. எட்சிங் என்றால் தகடு அழுத்திய பள்ளம் படத்தைச் சுற்றிக் காகிதத்தில் தெரியும். விரலை லேசாக ஓட்டினாலே தட்டுப்படும். சென்னை கிரீம்ஸ் ரோட்டில் லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் அச்சுப் பட்டறை இருக்கிறது. வேலை நடக்கும்போது போனால் தகட்டில் மை தேய்த்துத் துடைப்பதிலிருந்து பார்க்கலாம். அதைப் பார்த்த பிறகு "வெறும் பிரிண்ட்தானே" என்று சொல்ல வாய் வராது.

ஆனால் எச்சரிக்கை. ஒரு இணையதளத்தில் "ஒரிஜினல், கேன்வாஸில் கைவேலை" என்று போட்டிருந்ததை வாங்கினேன். வந்தது டிஜிட்டல் பிரிண்ட். மேலே கண்ணாடி மாதிரி ஏதோ பசையைப் பிரஷ்ஷால் இழுத்து, தூரிகைத் தடம் போலக் காட்டியிருந்தார்கள். பசை போன திசை ஒன்று, படத்தில் உருவம் போன திசை வேறு. திருப்பி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கொலுசுப்பட்டறை

தம்பி, எங்களிடம் இருக்கும் பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தால் தெரியாதா?

ஓமலூர்_டு_பெங்களூர்

தெரியும் அண்ணா, அதுவேதான் வழி. லென்ஸில் பார்த்தால் டிஜிட்டல் பிரிண்ட் எல்லாம் நுண்ணிய புள்ளியாகத் தெரியும். கைவேலையில் வண்ணம் அப்படியே பரவியிருக்கும், புள்ளி இருக்காது. அடுத்த தடவை வாங்கும்போது உங்கள் பட்டறைக்கு வந்துவிடுகிறேன்.

குகை_வாசி

இதைப் படித்ததும் ஞாபகம் வந்தது. எங்கள் தாத்தா வீட்டில் ரவி வர்மா லட்சுமி இருக்கிறது, பழைய தேக்கு ஃபிரேம். ரவி வர்மா படத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று சட்டமே இருக்கிறதாமே. அப்படியானால் எத்தனை கோடி வரும்?

ஓவிய_வாத்தியார்

லென்ஸை எடுங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அது அச்சகத்தில் அடித்த ஒலியோகிராஃப், எண்ணெய் ஓவியம் போலத் தெரியும் வண்ண அச்சு. ரவி வர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, சாமி படங்களை ஆயிரக்கணக்கில் அடித்தார். பிறகு அந்த அச்சகம் லோணாவாலா பக்கம் போனது. நம் ஊரில் பழைய வீடுகளில் இருப்பவை அந்த வழியில் வந்தவைதான். பழைய நல்ல பிரதிக்கும் விலை உண்டு. கோடி இல்லை.

சட்டம் இருப்பது உண்மை. 1972-ன் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டத்தின் கீழ் ரவி வர்மா, தாகூர் குடும்பத்தில் மூவர், நந்தலால் போஸ், ஜாமினி ராய், அம்ரிதா ஷேர்-கில் உட்பட ஒன்பது பேரின் படைப்புகளை நாட்டை விட்டு விற்க முடியாது. இங்கேயே விற்கலாம். ஷேர்-கில் படம் ஒன்று 2023-ல் டெல்லி ஏலத்தில் 61.8 கோடிக்குப் போனது. சும்மா_கேட்கிறேன் சாருக்கு இன்னொரு எண்!

நெறியாளர்

ஜி.எஸ்.டி. பற்றிய பதிவுகளை வணிகப் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். கருப்புப் பணம் யார் யாரிடம் இருக்கிறது என்று ஊகித்துப் பெயர் போட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. தொடருங்கள்.

ஜவ்வரிசி_சேலம்

கொச்சி பற்றி எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

கொச்சி-முசிறி பினாலே, பெரிய கலைக் கண்காட்சி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்பது கணக்கு, 12.12.2012-ல் தொடங்கினார்கள். மிளகுக்கு யவனர் கப்பல் வந்த அதே முசிறி, அதனால் நமக்கும் அதில் பாத்தியதை உண்டு. நடு ராத்திரி தாண்டிச் சேலம் ஜங்ஷனில் ஏறினால் காலையில் எறணாகுளம். அங்கிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் படகில் போங்கள். ரோட்டில் போய்ப் பாலத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம். பழைய மிளகுக் கிடங்கு, வெள்ளைக்காரன் காலத்து ஆஸ்பின்வால் ஹவுஸ், இப்படிப்பட்ட கட்டடங்களில் வைக்கிறார்கள். சுவரில் பாசி, கூரையில் ஓட்டை, கீழே உலகத் தரத்துக் கலை. எல்லாமே பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். இருட்டறையில் ஓடும் வீடியோக்களில் பாதி எனக்குத் தூக்கம்தான்.

2014-ல் பெனிதா பெர்சியல். சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். பெப்பர் ஹவுஸில் அவர் செய்து வைத்திருந்த பைபிள் உருவங்கள் கல்லும் இல்லை, மரமும் இல்லை: சாம்பிராணி, மரப்பட்டைத் தூள், பட்டை, கிராம்பு மாதிரியான வாசனைப் பொருள்களைக் குழைத்துச் செய்தவை. கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் முதலில் வந்தது. மாதாகோயிலும் நாட்டுமருந்துக் கடையும் ஒன்றாகக் கலந்த வாசனை. கொச்சி வெக்கைக்கு அந்தப் பொருள் மெல்ல இளகும், விரிசல் விடும். அது தெரிந்தேதான் செய்திருக்கிறார். அதை வாங்கி வீட்டில் வைத்தால் என்ன ஆகும் என்று என் வியாபார புத்தி கணக்குப் போட்டது. மலைக்காப்பி அக்கா பதில் சொல்லட்டும்.

2016-ல் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிதா. ஆஸ்பின்வாலில் நீளமான ஒரு கிடங்கு முழுக்கக் கடல் நீரை நிரப்பியிருந்தார். முழங்கால் மட்டம். செருப்பைக் கழற்றி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி நடக்க வேண்டும். இரண்டு பக்கச் சுவரிலும் கேள்வியாக வாசகங்கள். கடைசியில் எதிர்ச்சுவரில் ஒரு கவிதை. சிரியாவிலிருந்து தப்பிப் போகும்போது கடலில் மூழ்கிய குழந்தை ஆலன் குர்தியின் புகைப்படத்தை உலகமே பார்த்தது. அவனோடு இறந்த அண்ணன் காலிப்பை யாரும் படம் எடுக்கவில்லை. அந்தக் கவிதை காலிப்புக்கு. எனக்கு முன்னால் ஒரு அம்மா, இடுப்பில் குழந்தையோடு, புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். தண்ணீரின் சலசலப்பைத் தவிர யாரும் பேசவில்லை. இதை விலைக்கு வாங்க முடியாது, சேகரிக்கவும் முடியாது. சேகரிப்பாளன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன் வாங்க முடியாத வேலைகளையும் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. பணத்தை எடுத்துக்கொண்டு நேரே கேலரிக்குப் போகிறவன் சுவரில் எது பெரியதாக இருக்கிறதோ அதை வாங்கிவிட்டு வருவான்.

மலைக்காப்பி

சாம்பிராணிச் சிற்பத்தை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்தால் ஆனி மாதத்துக்குள் எறும்புக்கு விருந்து. வேண்டவே வேண்டாம்.

சும்மா_கேட்கிறேன்

அப்போது ஓவியரிடமே நேராகப் போய் வாங்கினால் கேலரிக்காரன் கமிஷன் மிச்சம்தானே? கேலரியில் பார்த்து வைத்துக்கொண்டு வீட்டில் போய் வாங்கலாமே?

ஓவிய_வாத்தியார்

கமிஷன் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போகும். நீங்கள் சொல்லும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் கேலரியில் பார்த்த படத்தைக் கேலரிக்குத் தெரியாமல் ஓவியர் வீட்டில் போய்க் கேட்பது அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடுவது. விஷயம் வெளியே வந்தால் அடுத்த வருடம் அவருக்குச் சுவர் கிடையாது. கேலரி சும்மா கமிஷன் வாங்குவதில்லை: வாடகை, கேட்லாக், ஃபிரேம், போக்குவரத்து எல்லாம் அவர்கள் கையிலிருந்து போகிறது. எந்தக் கேலரியோடும் ஒப்பந்தம் இல்லாத ஓவியரிடம் நேராக வாங்குங்கள், தாராளமாக.

அப்படிப் போகும்போது தயவுசெய்து மூன்று வேலையைச் செய்யாதீர்கள். மாம்பழ மண்டியில் பேசுவது போல் பாதியிலிருந்து பேரம் ஆரம்பிப்பது. "இதையே எங்கள் சோபா கலருக்கு வரைந்து தர முடியுமா" என்பது (சிரிக்காதீர்கள், எனக்கே நடந்தது). "படம் இருக்கட்டும், பணம் அடுத்த மாசம்" என்பது. ஓவியருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வாங்கும்போது படத்தின் பெயர், வருடம், அளவு, எதில் வரைந்தது, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளும் ரசீதும் கேட்டு வாங்குங்கள். படத்தோடு ஓவியரை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்து வைத்தால் நாளைக்கு அதுவும் ஆதாரம்.

இன்னொன்று. படத்தை வாங்கினால் படம் உங்களுடையது, பதிப்புரிமை ஓவியருடையது. காலண்டரில் போடுவதற்கு அவரைக் கேட்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவில், 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால் ஓவியருக்கு அதில் பங்கு உண்டு, 10 சதவீதத்துக்கு மிகாமல், என்று இருக்கிறது. ஏட்டில் இருக்கிறது.

கொலுசுப்பட்டறை

சென்னைக்கு வேறு வேலையாகப் போனேன், அப்படியே சோழமண்டலம் போய்விட்டு வந்தேன். வாத்தியார் சொன்ன பிறகு போகாமல் இருக்க முடியவில்லை.

தோட்டத்திலும் உள்ளேயும் சிற்பங்கள். செம்பும் பித்தளையும் சேர்ந்த ஒன்றின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். எல்லோரும் முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். நான் பின்பக்கம் போனேன். எங்களுக்கு அது பழக்கம். கொலுசை வாங்கினால் முதலில் திருப்பிப் பார்ப்போம். பற்றவைத்த இடம் அப்படியே தெரிகிறது, ராவி மறைக்கவில்லை. எங்கள் பட்டறையில் அப்படி விட்டால் சரக்கு திரும்பி வரும். முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் முன்னால் வந்து பார்த்தால், அந்தத் தழும்பு முன்பக்கத்திலும் சில இடங்களில் வேண்டுமென்றே விட்டிருக்கிறார். கம்பி சும்மா ஒட்டவில்லை, கோடு மாதிரி ஓடி எங்கே வளைய வேண்டுமோ அங்கே வளைகிறது. செம்பு தடிமனாக இருக்கும் இடத்தில் சூடு எவ்வளவு கொடுத்திருப்பார், பித்தளை உருகாமல் எப்படிப் பிடித்திருப்பார் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நின்றேன். வேலைக்காரர், சந்தேகமே இல்லை.

என் கேள்வியை வாபஸ் வாங்கவில்லை. அங்கே பெயர்ப்பலகை இருக்கிறது, எங்களுக்கு இல்லை. ஆனால் அடுத்து ஊர் வரும்போது ஜவ்வரிசி அண்ணா செவ்வாய்ப்பேட்டைக்கு வாங்க, எங்கள் வேலையையும் ஒரு மணி நேரம் நின்று பாருங்க.

ஜவ்வரிசி_சேலம்

வருகிறேன். உங்கள் பட்டறையில் செய்த ஒன்றை, செய்தவர்கள் எல்லோர் பெயரையும் ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ள ஆசை. கண்ணி கோத்த அம்மா பெயர் உட்பட. கூலி தனி, அது தனி விலை.

ஓமலூர்_டு_பெங்களூர்

ஜனவரியில் சித்திரச் சந்தைக்கு வருகிறவர்கள் சனிக்கிழமையே வந்துவிடுங்கள். சனி கலைக்கூடமும் மேப்பும், ஞாயிறு காலை ஏழரைக்கெல்லாம் குமாரகிருபா சாலை. பதினொரு மணிக்கு மேல் நடக்க இடம் இருக்காது. திங்கள் பார்க்கலாம் என்று தங்கிவிடாதீர்கள், அன்றைக்கு இரண்டு இடமும் விடுமுறை. படத்தைச் சுருட்டிக் கொண்டுவர பிவிசி குழாய் துண்டு ஒன்று காரில் போட்டுக்கொள்ளுங்கள், ஹார்டுவேர் கடையில் மூடியோடு கிடைக்கும். வண்ணம் வெளிப்பக்கம் வரும்படிச் சுருட்டுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் பெயின்ட் நசுங்கி வெடிக்கும்.

சும்மா_கேட்கிறேன்

எல்லாம் சரி. என் 118 கோடிக் கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

ஓவிய_வாத்தியார்

சொல்கிறேன். அந்தப் படம் 1954-ல் ஹுசேன் வரைந்தது. கிராமத்துக் காட்சிகள் பதின்மூன்று, ஒரே கேன்வாஸில், கிட்டத்தட்ட பதினான்கு அடி நீளம். அந்த வருடமே வாங்கியவர் கோடீஸ்வரர் இல்லை, நார்வேயிலிருந்து வந்திருந்த ஒரு டாக்டர். உலக சுகாதார நிறுவனத்துக்காக டெல்லியில் மார்பு அறுவைச் சிகிச்சைப் பயிற்சி மையம் அமைக்க வந்தவர். திரும்பிப் போகும்போது கொண்டுபோனார். பிறகு ஆஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார். அங்கே பல பத்தாண்டுகள் ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்தது. நம் பக்கத்தில் அப்படி ஒரு படம் இருப்பதே பலருக்குத் தெரியாது. ஏலத்தில் வந்த பணம் அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறது.

விலை ஏன் 118 கோடி என்றால், ஏலத்தில் இரண்டு பேர் விடாமல் கையைத் தூக்கினால் விலை அதுதான். அதற்கும் படத்தின் தரத்துக்கும் நேரடிக் கணக்கு கிடையாது.

சும்மா_கேட்கிறேன்

டாக்டர் கதை எனக்குத் தெரியாது. நல்ல மனுஷர். ஆனாலும் 118 கோடி அதிகம்தான்.